சூடத்தின்மேல் நீளாத கை

அன்புக்கும் ஏச்சுக்கும் உரிய என் மச்சான் சாகுல்,

நீ இருக்குமிடத்தில் ஒலிபெருக்கி இருக்காது என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். முப்பது ஆண்டுக்கு மேலாக என் பேச்சைக் கேட்டுவிட்டாய். அதுவும் உன் சொந்த ஒலிபெருக்கியில், உன் சொந்த மின்னாக்கியின் இரைச்சலுக்கு நடுவே. "ஜெனரேட்டர்னு சொல்லு மச்சான். மின்னாக்கின்னு கூப்ட்டா அது ஸ்டார்ட் ஆவாது" என்று நீ முணுமுணுத்ததும், மேடையில் நின்ற நான் சிரிப்பை விழுங்கியதும் இன்னும் காதோரம் நிற்கின்றன. சுவரொட்டிகளில் நான் நாவேந்தன். உனக்கு மட்டும் கடைசிவரை முனியாண்டி. இந்தக் கடிதத்தை நாவேந்தன் எழுதவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. நோன்பு தொடங்க நான்கு நாள் இருக்கையில் நீ போனாய். ஓராண்டு ஓடிவிட்டது. குருண் சாலையில் உன் மோட்டார் பட்டறையை இப்போது உன் மகள் சாபிரா நடத்துகிறாள். வெள்ளை முக்காட்டில் ஒரு சொட்டு எண்ணெய் படாமல் எப்படித்தான் வேலை செய்கிறாளோ. புக்கிட் செலம்பாவிலிருந்து வரும் இளைஞர்கள் தொடக்கத்தில் வண்டியைத் தரத் தயங்கினார்கள். இன்று "அக்கா, பிரேக்கு பாருங்க" என்று வரிசையில் நிற்கிறார்கள். உன் மனைவி, என் தங்கை முறை மும்தாஜ் நலம். முழங்கால் வலி மட்டும் அவளை விடவில்லை.

நாம் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் இனிப் பால்மரம் ஒன்றுகூட இல்லை. எங்கும் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து வீட்டுமனை போட்டுவிட்டார்கள். எஞ்சியிருப்பது நம் சங்க மண்டபம் ஒன்றுதான். அதன் தகரக் கூரையை மாற்றிப் புதுப்பித்திருக்கிறோம். வரும் மாதம் திறப்பு விழா. வாசலில் ஒரு கருங்கல் நடுகிறோம். வெள்ளைத்துரையின் காலத்தில் சங்கத்தைத் தொடங்கியவர்களின் பெயர்களை அதில் வெட்டுவது என்று முடிவாயிற்று. பட்டியல் எழுதித் தரும் பொறுப்பு என் கைக்கு வந்தது.

ஆறு பெயர்களை எழுதிக் கொடுத்தேன், சாகுல். ஏழாவது பெயர் உன் நன்னாவுடையது. உன் தாயைப் பெற்ற மொய்தீன் பிச்சை ராவுத்தர். அதை நான் எழுதவில்லை. கை தானாகவே ஆறில் நின்றுவிட்டது. முப்பது ஆண்டு அப்படிப் பழக்கி வைத்திருந்தேன் அதை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நம் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் நான் மேடையில் சொல்லிவந்தபடியே ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

அந்நாளில் மண்டபம் இல்லை. இதே இடத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை முற்பகல்களில் ஏழு பேர் அங்கே கூடினார்கள். கடலுக்கு அப்பால் தாய்நாடு விடுதலை கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரலோடு நம் குரலும் சேர வேண்டும் என்பது ஒன்று. இந்தத் தோட்டத்தில் நமக்கு மனிதன் என்ற மதிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி ஒதுங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றுக்காகச் சங்கம் கண்டார்கள். என் தாத்தா தலைவர். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதிய கிராணி, உன் நன்னா, ஏழாமவர்.

தொடக்க நாளன்று தட்டில் சூடம் ஏற்றினார்கள். ஒவ்வொருவரும் உள்ளங்கையால் அந்தச் சுடரை அடித்து அணைத்து, சங்கத்தைவிட்டு மாறமாட்டேன் என்று உறுதி சொல்ல வேண்டும். சொன்னவரே உறுப்பினர். உறுப்பினருக்கே வாக்கு. உன் நன்னா கை நீட்டவில்லை. அதோடு நிற்காமல், தோட்டத்திலிருந்த முசுலிம் குடும்பங்களுக்குச் செயற்குழுவில் தனியே ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார். நாமெல்லாம் ஒன்றுதானே, தனி இடம் எதற்கு என்று என் தாத்தா மறுத்தார். உன் நன்னா எழுந்து போனார். சில கிழமைகளில் தோட்டத்தையே விட்டுப் போனார்.

இந்த இடத்தில்தான் நான் குரலைத் தாழ்த்துவேன். "ஏழு கைகள் நீள வேண்டிய தட்டின்மேல் ஆறு கைகளே நீண்டன. ஏழாவது கையின் பெயரை இந்த நாவு சொல்லாது. கதவு திறந்தே இருந்தது. அவர்தான் வெளியே போனார்." கைதட்டல் கூரையில் போய் இடிக்கும். பெயரை நான் சொல்லாவிட்டால் என்ன, மூன்றாவது வரிசையின் ஓரத்தில் ஒலிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த உன்னை நோக்கி நாலைந்து தலைகள் திரும்புமே. அதை நான் பார்க்காமலா இருந்தேன்?

தாழ்ந்த என் குரல் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று அந்த நேரத்தில் பொத்தானைத் திருகி ஒலியைக் கூட்டியவன் நீ. உன் நன்னாவைப் பழிக்கும் சொல்லை உன் விரல்தான் உயர்த்திக் கொடுத்தது. ஒவ்வோர் ஆண்டும். ஒருமுறையாவது அதை அணைத்துவிடத் தோன்றவில்லையா உனக்கு?

ஒரே ஒருமுறை வாய் திறந்தாய். கூட்டம் கலைந்த பிற்பகல். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாய். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாய்.

"மச்சான், அந்தக் கதைய கொஞ்சம் மாத்திச் சொல்லேன். எங்க நன்னா எந்திரிச்சுப் போகல. வாசல்ல நின்னாரு. ஏன் நிக்கிறன்னு கேக்க யாராச்சும் வெளிய வருவாங்கன்னு நின்னாரு. ஒரு ஆளும் வரல."

"அந்த எடத்துலதான்டா கைதட்டே விழுது. மாத்துனா நீ தட்டுவியா?"

"நான் வயரு சுத்துறேன்ல, எந்தக் கையால தட்டுறது" என்று சிரித்தாய்.

நீ சிரித்ததால் அது முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டும் அதே கதையை, அதே தாழ்ந்த குரலில், அதே இடத்தில் நிறுத்திச் சொன்னேன். நீயும் அதே இடத்தில் ஒலியைக் கூட்டினாய்.

உன்னை அடக்கம் செய்த நாளுக்கு வருகிறேன். சுரா என்னும் சிறு பள்ளிவாசலுக்குள் உனக்காகத் தொழுகை நடந்துகொண்டிருந்தது. நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். எங்கு நிற்பது, கையை எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் தடுமாறாதவன், செருப்புக் குவியலருகே தடுமாறினேன். அப்போது உன் தம்பி வெளியே வந்தான். "இங்க ஏண்ணே நிக்கிறீங்க? வாங்க, சந்தூக்குல ஒரு பக்கம் நீங்கதான் தூக்கணும்" என்று என் தோளைப் பிடித்து அழைத்துப்போனான். உன் உடல் கிடந்த பெட்டியின் கால்மாட்டில் எனக்கு இடம் தந்தார்கள். தோளில் நீ இருந்தாய். என் காதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: ஒரு ஆளும் வரல.

எனக்காக ஒருவன் வெளியே வந்தான், சாகுல். உன் நன்னாவுக்காக என் தாத்தா வரவில்லை.

அன்றாவது நான் திருந்தியிருக்க வேண்டும். இல்லை. அழுதேன், வீட்டுக்கு வந்தேன், சில மாதங்களில் பட்டியல் எழுத உட்கார்ந்து ஆறோடு நிறுத்தினேன். என்னை அசைத்தது வேறொன்று. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஏனெனில் அது எனக்கு நேர்ந்தது. பிறருக்கு நேர்ந்ததற்கு நான் அசையவில்லை.

புதுக் குடியிருப்பின் பெரிய வடிகாலை நம் பழைய இடுகாட்டின் ஓரமாக வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். குடியிருப்புக் குழுத் தலைவர் பாக் மாட் என்ற மலாய்க்காரரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். தேநீர் கொடுத்தார். முடிவு எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் சுராவிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். எல்லாரும் அங்கே இருந்தார்களே, வேறு நாளில் ஆள் சேர்ப்பது கடினம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

"குழுவில் எங்களுக்கென்று ஓர் இடம் கொடுங்கள்" என்றேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது. நாமெல்லாம் ஒரே குடும்பம், எதற்குத் தனியாக ஓர் இடம் என்று கேட்டார். பிறகு என் கையைப் பற்றி மலாயில் சொன்னார்: "பிந்து செந்தியாசா தெர்புக்கா, சிக்கு." கதவு எப்போதும் திறந்துதான் இருக்கிறது, ஆசிரியரே.

தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டேன். அது என் தொடர். என் மேடையில், என் தாழ்ந்த குரலில், கைதட்டல் வாங்கிய என் தொடர். அதை எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் எப்படியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உனக்கு முப்பது ஆண்டாகத் தெரியும்.

அவர்மீது எனக்குச் சினம் வரவில்லை. என்ன சொல்லிச் சினப்பது? என் தாத்தாவும் யாரையும் தள்ளிவிடவில்லையே. சூடம் ஏற்றுவது அவருக்கு மூச்சுவிடுவதைப் போன்றது. அதில் மதம் இருப்பதாகவே அவருக்குப் படவில்லை. அது பொதுவானது, எல்லாருக்கும் உரியது என்று எண்ணினார். அந்தச் சுடரின்மேல் கைவைக்க முடியாதவன் கேட்ட ஓர் இடத்தைப் பிரிவினை என்றார். அந்த இடத்தை அவன் ஏன் கேட்க நேர்ந்தது என்பது தட்டிலேயே எரிந்துகொண்டிருந்தது. ஆறு பேருக்கும் தெரியவில்லை.

அக்கரையில் அதே காலத்தில் இதே வழக்கு பெரிதாக நடந்ததை நாம் இருவரும் படித்திருக்கிறோம். முசுலிம்களுக்காக யார் பேசுவது, அவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டுமா, விடுதலை இயக்கம் எல்லாருக்குமானதா என்ற வழக்கு. வெள்ளையன் அந்தப் பிளவில் குளிர்காய்ந்தான் என்று மேடைதோறும் முழங்கினேன். அதில் ஐயமில்லை, குளிர்காய்ந்தான். ஆனால் எரிந்த சுள்ளியில் எத்தனை நம் வீட்டுச் சுள்ளி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தக் கேள்வி என் தாத்தாவிடம் போய் நின்றிருக்கும்.

இனி, உன்னிடம் மறைத்ததைச் சொல்லும் இடம்.

அறியாமல் சொன்னேன் என்றால் இந்தக் கடிதம் இவ்வளவு கனக்காது. எனக்குத் தெரியும், சாகுல். முதன்முதலாக அந்தப் பேச்சை நான் ஆயத்தம் செய்தபோது என் அப்பா உயிரோடு இருந்தார். எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனவர், வாசற்படியிலேயே நின்று சொன்னார்:

"அவரு போகலடா. தொரை தொரத்துனாரு. சங்கத்துக்குப் பெட்டிசன் எழுதுனதே அவருதான்."

உறுப்பினர் அல்லாத மனிதர், வாக்கு இல்லாத மனிதர், வாசலில் நின்றபடியே சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆங்கிலம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கள்ளுக்கடை, மிதிவண்டி, எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. அடியில் கையெழுத்துப் போட்டவரும் அவர் ஒருவரே. மற்ற ஆறு பேரும் பெருவிரல் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள், வைக்கவில்லை. தாள் துரையின் கைக்குப் போன மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆள் எண்ணுகிற களத்தில், துரை அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, இது யாருடைய கோரிக்கை என்று கேட்டிருக்கிறான். உன் நன்னா ஓர் அடி முன்னே வந்தார். ஆறு பேரும் வரிசையில் தலையைக் குனிந்து நின்றார்கள். அவர்களில் என் தாத்தாவும் ஒருவர். அன்று பொழுது சாய்வதற்குள் உன் நன்னா பெண்டு பிள்ளைகளோடு தோட்டத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

பக்கத்து மலாய்க் கிராமத்துத் தலைவர், நீ எங்கள் சமயத்தவன், எங்களோடு வந்து இருந்துவிடு என்று அழைத்தாராம். "இவங்களோட ஒரே கப்பல்ல வந்தேன். நான் கேட்ட எடம் இவங்ககிட்டதான்" என்று மறுத்துவிட்டு, கோத்தா கோலா மூடாவில் கருவாடு காயவைத்துப் பிழைத்தாராம். தனி இடம் கேட்ட அந்த வாய்தான், எல்லாருக்குமாகத் துரையிடமும் கேட்டது. இரண்டும் ஒரே மனிதனுக்குள் எப்படி இருக்கும் என்று என் மேடைக்கு விளங்கவில்லை. விளங்கினால் பேச்சு கெட்டுவிடும்.

அப்பா கடைசியாக ஒன்று சொன்னார்: "தெரிஞ்சு வச்சுக்க. ஆனா அதச் சொல்லாத. தாத்தா பேரு கெட்டுப்போவும்."

சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மட்டுமா? தாத்தாவின் குனிந்த தலையை மறைக்க உன் நன்னாவை வெளியே நடக்க வைத்தேன். தூய தமிழில், எதுகை மோனையோடு. உன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்ட ஆண்டும் ஒன்று உண்டு. கூட்டம் முடிந்து எனக்கு வடை கொடுத்தனுப்பினார்கள். தின்றேன்.

பாக் மாட்டின் வீட்டிலிருந்து நேரே குருணுக்குத்தான் போனேன். மும்தாஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, வியக்கவும் இல்லை. எல்லாம் தெரியும் என்றாள். எங்கள் தாத்தாக்கள் பெரட்டில் தலைகுனிந்து நின்றது உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தெரிந்த செய்தியாம். அப்படியானால் சாகுல் ஏன் என்னிடம் முழுவதையும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒங்க தாத்தா தலையக் குனிஞ்சத ஒங்க மூஞ்சிக்கு நேரா எப்படிண்ணே சொல்றதுன்னாரு. வாசல்ல நின்ன வரைக்கும் சொல்லியிருக்கேன், மிச்சத்த அவனே கேக்கட்டும்னாரு."

கேட்பேன் என்று காத்திருந்தாயா? நான் வெளியே வந்து கேட்பேன் என்று, நன்னாவைப் போலவே?

மன்னித்துவிடு தங்கச்சி என்றேன். அவள் முழங்காலைத் தேய்த்தபடி, "மன்னிக்க நான் யாருண்ணே. அவரு இருக்கும்போது வந்திருக்கணும்" என்றாள். அதைவிடச் சரியான சொல்லை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

கல்லில் பெயர் வெட்டச் சொல்கிறேன் என்றேன். "கல்லுல எதுக்கு? மைக்குல சொன்னத மைக்குல சொல்லுங்க. அவரு மைக்கு இங்கதான் இருக்கு" என்று உள்ளே கையைக் காட்டினாள்.

சங்கச் செயற்குழுவில் பேசினேன். செயலாளர் தம்பி என்னைத் தனியே இழுத்துப்போனான். "அண்ணே, இப்பத்தான் நமக்கு ஒரு சீட்டு வேணும்னு கேட்டுக்கிட்டு இருக்கோம். அன்னிக்கு நாமளே குடுக்கலன்னு வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கும் லா? பேரு போட்டுக்கலாம். மன்னிச்சு சேத்துக்கிட்டோம்னு ஒரு வரி சொல்லிட்டு எறங்கிருங்க." அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவன் அந்தக் கதையை என்னிடம்தானே கற்றான். மன்னிக்கும் இடத்தில் நாம் இல்லை தம்பி என்றேன். பெயர் இல்லையென்றால் விழாவில் பேச்சில்லை என்றேன். அரைமனத்தோடு பெயருக்கு ஒத்துக்கொண்டார்கள். பேச்சில் என்ன வரும் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள்.

சுங்கை பட்டாணியில் கல்வெட்டுபவரைப் பார்த்தேன். ஆறு பெயரையும் வெட்டி முடித்திருந்தார். "கீழ எடம் இல்ல சார். மேலதான் கொஞ்சம் இருக்கு" என்றார். மேலேயே வெட்டுங்கள் என்றேன். ஏழாவது பெயர் முதலில் நிற்கப்போகிறது. அது என் பெருந்தன்மை அன்று. என் பிழை விட்டுவைத்த வெற்றிடம்.

அடுத்தாற்போல் சாபிராவைப் போய்ப் பார்த்தேன். மண்டப மேடையிலிருந்து வாசலுக்கு வெளியே, உன் நன்னா நின்ற இடம்வரை ஒலிவாங்கியின் வயர் எட்டுமா என்று கேட்டேன். ஏதோ ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"அத்தா வாங்குன வயரு மாமா. ரோட்டு வரைக்கும் எட்டும்."

அவ்வளவு நீளமான வயரை எதற்கு வாங்கினாய், சாகுல்? அந்த மண்டபத்துக்கு அதில் பாதி போதுமே.

இதோ என் உறுதி. சூடத்தின்மேல் அல்ல, உன் மகளின் எண்ணெய்க் கையைப் பிடித்துத் தந்தது. விழா நாளில் நான் மேடையேறமாட்டேன். வாசலுக்கு வெளியே நின்று பேசுவேன். உள்ளே இருப்பவர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்கட்டும். முதற்சொல்லாக மொய்தீன் பிச்சை ராவுத்தரின் பெயரைச் சொல்வேன். அவர் கேட்ட இடத்தைச் சொல்வேன். அவர் எழுதிய தாளைச் சொல்வேன். குனிந்த ஆறு தலைகளில் ஒன்று என் தாத்தாவுடையது என்று சொல்வேன். தெரிந்தே மறைத்த நாவு இதுதான் என்று சொல்வேன். குரலைத் தாழ்த்தமாட்டேன். கைதட்டல் விழாது. விழுந்தால் நிறுத்தச் சொல்வேன். சாபிரா ஒலியைக் கூட்டட்டும்.

பேசி முடித்ததும் உடனே உள்ளே போகமாட்டேன். யாராவது வெளியே வந்து கேட்கும்வரை அந்த இடத்தில் நிற்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும்.

உன் கால்மாட்டைத் தோளில் சுமந்தவன்,
உன் மச்சான்,
முனியாண்டி